குக் தீவாருக்கும் ஒரு அணி உண்டு

2017 நவம்பரில் ஒக்லாந்தில் இருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். அப்போது நான் தெற்கு ஒக்லாந்துப் பக்கம் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டாஹுஹுவில் கிரேட் சவுத் ரோட் முழுக்கச் சிவப்பு. வீட்டு வேலி, கடைக் கூரை, கார் பொனற், குழந்தைப்பிள்ளையின் தள்ளுவண்டி, எல்லாவற்றிலும் தொங்கா நாட்டுக் கொடி. ஓடுகிற வானின் கதவைத் திறந்துவிட்டுப் பெடியளும் பெட்டையளும் அதில் தொங்கிக்கொண்டு பாடிப் போனார்கள். (நாட்டின் பெயர்தான் தொங்கா, சனம் முழுக்கத் தொங்கிக்கொண்டுதான் போனது.) என்னுடைய பஸ் நாற்பது நிமிடம் ஒரே இடத்தில் நின்றது. உள்ளே இருந்த ஒரு தொங்காக் கிழவி இறங்கி நடுரோட்டில் ஆடத் தொடங்கிவிட்டா. யார்மேல் கோபப்படுகிறது?

விசயம் இதுதான். அந்த வருசம் ரக்பி லீக் உலகக்கிண்ணம் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பப்புவா நியூகினியிலும் நடந்தது. ஜேசன் டவுமலோலோ என்று ஒரு பெரிய விளையாட்டுக்காரர். பிறந்தது ஒக்லாந்தில். அதற்கு முன் நியூசிலாந்துக்காக விளையாடியவர். போட்டி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னதாக, நான் இம்முறை தாய் தகப்பனின் நாடான தொங்காவுக்குத்தான் விளையாடப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். அண்ட்ரூ ஃபிஃபிட்டா அவுஸ்திரேலியாவை விட்டுவிட்டு அதே பக்கம் வந்தார். நவம்பர் 11ஆம் திகதி ஹமில்ரனில் தொங்கா நியூசிலாந்தை 28-22 என்று வென்றது. 25ஆம் திகதி இங்கே மவுன்ற் ஸ்மார்ட் மைதானத்தில் இங்கிலாந்தோடு அரையிறுதி. 20-0 என்று பின்னால் நின்ற அணி கடைசிச் சில நிமிடங்களில் 18 புள்ளி எடுத்தது. ஒரேயொரு கோடு தாண்டியிருந்தால் இறுதிப்போட்டி. தாண்டவில்லை, அல்லது தாண்டியது, நடுவர் தரவில்லை. எந்தத் தொங்காக்காரரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அன்று இரவு ரீவியில் செய்தி போகிறது. அப்போது பன்னிரண்டு வயதான என் மகள் கேட்டாள்.

"அப்பா, இவை எல்லாரும் இங்கதானே பிறந்தவை? என்னோட படிக்கிற ஆக்களும் நிக்கினம். பிறகேன் நியூசிலாந்துக்கு எதிராக் கத்தினவை?"

"அவையின்ர நாடு தொங்கா."

"அப்ப எங்கட ரீம் எது?"

"சாப்பாடு ஆறுது, முதல்ல சாப்பிடு" என்றேன். இருபது வருசமாக நானும் பதில் தேடுகிற கேள்வி அது, சோற்றுக் கோப்பைக்கு முன்னால் பதில் வருமா? ஆனால் கேள்வி என்னை விடவில்லை. ஓய்வு நாட்களில் நூலகத்தில் இருந்து படிக்கத் தொடங்கினேன். படித்ததில் முதலில் தெரிந்தது, நியூசிலாந்துக்கே ஒரு காலத்தில் தனி அணி இருக்கவில்லை என்பது.

1908 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1912 ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கிலும் நியூசிலாந்துக்காரர் போட்டியிட்டது 'அவுஸ்திரலேசியா' என்ற பெயரில். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்த கூட்டு அணி. 1908இல் ஹரி கெர் என்ற நியூசிலாந்துக்காரர் வேகநடையில் வெண்கலம் எடுத்தார். 1912இல் நான்கு பேர் நீந்தும் 200 மீற்றர் அஞ்சல் நீச்சலில் அவுஸ்திரலேசியாவுக்குத் தங்கம், அதுவும் உலக சாதனையோடு. அந்த நால்வரில் மூன்று பேர் அவுஸ்திரேலியர்: சிசில் ஹீலி, ஹரோல்ட் ஹார்ட்விக், லெஸ்லி போர்ட்மன். நாலாவது ஆள் மல்கம் சம்பியன், நியூசிலாந்துக்காரர். பெயரே சம்பியன், வேறென்ன வேண்டும்? ஒலிம்பிக் தங்கம் எடுத்த முதல் நியூசிலாந்துக்காரர் அவர். ஆனால் அந்தத் தங்கம் இன்றைக்கும் ஒலிம்பிக் புத்தகத்தில் அவுஸ்திரலேசியா என்ற, இப்போது இல்லாத ஒரு அணியின் பெயரில்தான் கிடக்கிறது.

இந்தச் சம்பியன் பிறகு ஒக்லாந்து நகர மத்தியில் 1914இல் திறந்த ரெப்பிட் பாத்ஸ் நீச்சல் தடாகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். என் மகள் நீந்தப் பழகியது அதே தடாகத்தில்தான். வாரம் ஒருக்கால் அவளின் துவாயைப் பிடித்துக்கொண்டு கரையில் குந்தியிருந்த எனக்கு அப்போது இந்தக் கதை ஒன்றும் தெரியாது. இன்னொரு வேடிக்கை, சம்பியன் பிறந்தது நோர்ஃபோக் தீவில். சில ஆயிரம் பேரே உள்ள அந்தத் தீவு அவுஸ்திரேலியாவின் ஆட்சிப்பகுதி. அதற்கும் 1986 முதல் கொமன்வெல்த் விளையாட்டில் தனி அணி உண்டு. இன்றைக்குப் பிறந்திருந்தால் மனுசன் மூன்று கொடிகளில் எதைப் பிடிக்கிறது என்று யோசித்திருக்க வேண்டும்.

ரெனிஸிலும் இதே கதை. அந்தோனி வைல்டிங் என்ற கிறைஸ்ற்சேர்ச்காரரும் நோர்மன் புறூக்ஸ் என்ற அவுஸ்திரேலியரும் சேர்ந்து 1907 முதல் 1914 வரைக்குள் பலதடவை டேவிஸ் கிண்ணத்தை அவுஸ்திரலேசியாவுக்கு வென்று கொடுத்தார்கள். வைல்டிங் 1915 மே மாதம் பிரான்சில் போர்முனையில் செத்தார். நீச்சல் வீரர் ஹீலியும் 1918இல் அதே நாட்டில், அதே போரில். அந்தப் போரிலும் இரண்டு நாட்டுப் பெடியளையும் ஒரே பெயரின் கீழ்தான் அனுப்பினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அன்சாக் என்ற பெயர் இங்கே குழந்தைக்கும் தெரியும்.

ஏன் பிரிந்தார்கள்? அவுஸ்திரேலியக் குடியேற்றங்கள் 1901இல் ஒன்றாகச் சேர்ந்தபோது நியூசிலாந்தையும் கூப்பிட்டார்கள். நியூசிலாந்து போகவில்லை. அவுஸ்திரேலிய அரசியலமைப்பில் சேரக்கூடிய பகுதிகளின் வரிசையில் நியூசிலாந்தின் பெயர் இன்றும் இருக்கிறது, வாசலில் போட்ட செருப்பு மாதிரி. அரசியலில் சேராத இரண்டு பேர் விளையாட்டில் மட்டும் எவ்வளவு காலம் சேர்ந்திருப்பது? நியூசிலாந்து 1911இல் தனக்கென்று ஒரு ஒலிம்பிக் சங்கம் அமைத்தது. 1920 அன்ற்வேர்ப் ஒலிம்பிக்குக்குத் தனி அணியாகப் போனது. அணி என்றால் மொத்தம் நாலு பேர். அதில் வயலற் வொல்ரொண்ட் என்ற ஒக்லாந்துச் சிறுமிக்குப் பதினைந்து வயது. படகோட்டி டார்சி ஹட்ஃபீல்ட் வெண்கலம் எடுத்தார். நாலு பேரும் ஒரு வெண்கலமும், அவ்வளவுதான் தொடக்கம்.

இதைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் என்னோடு வேலை செய்த ஒரு குக் தீவுக்காரரிடம் வாயைக் கொடுத்தேன். அறுபதை நெருங்கியவர், பஸ் நிலையத்தில் எல்லாரும் அவரை 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுவார்கள். "உங்கட நாட்டுக்குத் தனிக் கடவுச்சீட்டு இருக்கா?" என்று கேட்டேன். "இல்லை, நியூசிலாந்துக் கடவுச்சீட்டுத்தான்." "அணி?" "அது இருக்கு!" என்று கையை விரித்துச் சிரித்தார்.

குக் தீவுகள் 1965 முதல் தன்னாட்சி. நியுவே 1974 முதல். இரண்டு இடத்துச் சனமும் சட்டப்படி நியூசிலாந்துக் குடிமக்கள். குக் தீவுகளில் இருப்பவர்கள் சுமார் 15,000 பேர். நியூசிலாந்தில் இருக்கும் குக் தீவார், 2018 குடிசனக் கணக்கெடுப்பின்படி, 80,000க்கும் மேல். நியுவேயில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. ஆனாலும் 1974 கிறைஸ்ற்சேர்ச் கொமன்வெல்த் விளையாட்டில் குக் தீவுகள் தனி அணியாக நடந்து வந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கிலும் வந்தது. நியுவே 2002 மான்செஸ்ரருக்குப் போனது. நியுவேயின் முதல் கொமன்வெல்த் பதக்கம் 2022இல், பர்மிங்காமில், டியூக்கன் டுட்டாகிட்டோவா-வில்லியம்ஸ் என்ற குத்துச்சண்டைக்காரர் எடுத்த வெண்கலம். யாழ்ப்பாணத்தில் ஒரு கிராமசேவகர் பிரிவில் இருக்கும் சனத்தொகை, அதற்கு ஒரு கொடி, ஒரு பதக்கம்!

2024 கடைசியில் குக் தீவுகளின் பிரதமர் மார்க் பிரவுண், நியூசிலாந்துக் குடியுரிமையை வைத்துக்கொண்டே தங்களுக்குத் தனிக் கடவுச்சீட்டும் வேண்டும் என்று கேட்டார். வெலிங்ரன் ஒத்துக்கொள்ளவில்லை. 2025 பெப்ரவரியில் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். கடவுச்சீட்டு அரசாங்கத்தின் சொத்து, தர மாட்டோம் என்று சொல்லலாம். ஓட்டப்பந்தயத்தில் ஓடாதே என்று சொல்லக் குக் தீவாரின் ஒலிம்பிக் சங்கம் வெலிங்ரனின் கையில் இல்லை.

இங்கேதான் எனக்கு விசயம் பிடிபட்டது. தனி நாடு என்றால்தான் தனி அணி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சரித்திரம் அப்படி நடக்கவில்லை. பெரும்பாலும் அணி முதலில் வந்திருக்கிறது, அல்லது நாடு வராமலே அணி வந்திருக்கிறது. 1871இல் எடின்பரோவில் ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும் ரக்பி ஆடின. 1872இல் கிளாஸ்கோவில் உதைபந்தாட்டம் ஆடின, 0-0. உலகின் முதல் சர்வதேச ஆட்டங்கள் என்று இவற்றைத்தான் எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே அரசின் கீழ் இருந்த நாடுகள், இன்றும் அப்படித்தான். ஃபிஃபா பிறந்தது 1904இல். அது பிறக்கும் முன்னமே இவர்கள் ஆடிக்கொண்டிருந்தபடியால் பிறகு வந்தவர்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அயர்லாந்தைப் பாருங்கள், தீவு இரண்டாகப் பிரிந்து நூறு வருசம் ஆகிறது. உதைபந்தாட்டத்தில் இரண்டு அணி, ரக்பியில் எல்லையைத் தாண்டி ஒரே அணி. இந்தியா வெள்ளைக்காரனின் கீழ் இருந்தபோதே 1928இல் ஹொக்கியில் ஒலிம்பிக் தங்கம் எடுத்தது.

நியூசிலாந்துக்குள்ளேயே இப்படி ஒன்று உண்டு. 1888-89இல் 'நியூசிலாந்துச் சுதேசிகள்' என்ற அணி பிரித்தானியா, அவுஸ்திரேலியா எல்லாம் சுற்றி 107 ரக்பி ஆட்டங்கள் ஆடியது. பெரும்பாலும் மாவோரிகள். கறுப்புச் சட்டை போட்டவர்கள், ஆட்டத்துக்கு முன் ஹக்கா ஆடியவர்கள். நாடு பூராவுக்குமான ரக்பிச் சங்கம் அமைந்ததே 1892இல்தான். 2000ஆம் ஆண்டு ரக்பி லீக் உலகக்கிண்ணத்தில் நியூசிலாந்தும் ஆடியது, அவோதெயரோவா மாவோரி என்று இன்னொரு அணியும் ஆடியது. அதனால் நியூசிலாந்து உடைந்துவிடவில்லை.

கதவு பூட்டப்பட்டது 1996இல். அந்த ஆண்டு சர்வதேச ஒலிம்பிக் குழு தன் சாசனத்தை மாற்றி, இனிமேல் 'நாடு' என்றால் சர்வதேச சமூகம் அங்கீகரித்த சுதந்திர அரசு என்று எழுதிவிட்டது. அதற்கு முன் உள்ளே போனவர்கள் போனவர்கள்தான். குக் தீவுகள் 1986இல் உள்ளே வந்தாயிற்று. அமெரிக்கன் சமோவா 1987இல், புவேர்ட்டோ ரிக்கோ 1948இல். நியுவே பிந்திவிட்டது. அதனால்தான் நியுவே கொமன்வெல்த்துக்குப் போகலாம், ஒலிம்பிக்குக்குப் போக முடியாது. பஸ்காரன் என்ற முறையில் எனக்கு இது நன்றாக விளங்குகிறது. கதவை மூடிய பிறகு ஓடிவந்து தட்டுகிறவரை ஏற்றினால் அட்டவணை குழம்பும். ஏற்றாவிட்டால் அவர் மழையில் நிற்பார்.

அமெரிக்கன் சமோவா என்றேன். சமோவாவைப் பற்றிச் சொல்லாமல் ஒக்லாந்தைப் பற்றி எழுத முடியாது. ஒரே சனம், ஒரே மொழி. 1899இல் யேர்மனியும் அமெரிக்காவும், பிரித்தானியாவும் கூடவிருக்க, மேசையில் வைத்துத் தீவுகளைப் பிரித்தன. கிழக்கு அமெரிக்காவுக்கு, மேற்கு யேர்மனிக்கு. 1914 ஓகஸ்டில் நியூசிலாந்துப் படை போய் மேற்கைப் பிடித்தது. 1918இல் ஒக்லாந்திலிருந்து போன ரலூன் என்ற கப்பலைத் தனிமைப்படுத்தாமல் ஆப்பியாவில் இறக்கவிட்டார்கள். அதில் வந்த காய்ச்சலில் மேற்குச் சமோவாவின் சனத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செத்தது. 1929 டிசம்பர் 28ஆம் திகதி, சுதந்திரம் கேட்டு அமைதியாக ஊர்வலம் போனவர்கள்மேல் நியூசிலாந்துப் பொலிஸ் சுட்டது. 1962இல்தான் விடுதலை. 2002இல் பிரதமர் ஹெலன் கிளார்க் ஆப்பியாவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். நாட்டின் தலைவர் போய் மன்னிப்புக் கேட்டதை வாசித்தபோது பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தேன். காரணம் உங்களுக்குத் தெரியும்.

சமோவாவின் முதல் சர்வதேச ரக்பி ஆட்டம் 1924இல் ஆப்பியாவில், பிஜியோடு. அப்போது அங்கே நியூசிலாந்து ஆட்சி. காலை ஏழு மணிக்கு ஆட்டம், ஏனென்றால் முடிந்தவுடன் சமோவாப் பெடியள் வேலைக்குப் போகவேண்டும். மைதானத்துக்குள் ஒரு மரம் வேறு நின்றதாம். எங்கள் ஊர் வெளியில் பனைமரத்தைச் சுற்றிப் பந்தடித்தவர்களுக்கு இது புதினமில்லை. 1987இல் முதல் ரக்பி உலகக்கிண்ணத்துக்குத் தொங்காவையும் பிஜியையும் கூப்பிட்டவர்கள் மேற்குச் சமோவாவைக் கூப்பிடவில்லை. 1991இல் கூப்பிட்டார்கள், கார்டிஃபில் வைத்து வேல்ஸை 16-13 என்று அடித்தார்கள். நல்லகாலம் மேற்குச் சமோவாதான் வந்தது, முழுச் சமோவாவும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வேல்ஸில் ஒரு பகிடி உண்டு. சிரிக்கலாம், ஆனால் அந்தப் பகிடிக்குள் 1899 இருக்கிறது.

கிழக்குப் பக்கத்தின் கதை இன்னும் பாவம். 2001 ஏப்ரலில் உலகக்கிண்ணத் தகுதிகாண் உதைபந்தாட்டத்தில் அவுஸ்திரேலியா அமெரிக்கன் சமோவாவை 31-0 என்று வென்றது. அச்சுப்பிழை இல்லை, முப்பத்தொன்றுதான். பலருக்கும் அந்தத் தொகை மட்டும் தெரியும். காரணம் தெரியாது. அமெரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர்தான் ஆடலாம் என்று ஃபிஃபா சொல்ல, வழமையாக ஆடுகிறவர்களில் ஏறத்தாழ எல்லோரும் வெளியே. கோல் காப்பாளர் நிக்கி சலாப்பு ஒருவர்தான் மிச்சம். பள்ளிக்கூட வயசுப் பெடியளை வைத்து ஆடினார்கள். நூறு வருசத்துக்கு முன் யாரோ மேசையில் கீறிய கோட்டால் அந்தப் பெடியன் 31 தரம் வலைக்குள் கைவிட்டுப் பந்தை எடுத்தான்.

அந்தக் கோட்டுக்கு மேற்கே, அணிக்கு ஆள் கிடைக்காமல் போவது வேறு மாதிரி. 2018 கணக்கின்படி நியூசிலாந்தில் வாழும் சமோவர் 1,80,000க்கும் மேல். சமோவா நாட்டிலேயே சுமார் இரண்டு லட்சம் பேர்தான். திறமானவன் என்றால் ஓல் பிளாக்ஸ் எடுத்துவிடும். மைக்கல் ஜோன்ஸ் 1986இல் மேற்குச் சமோவாவுக்கு ஆடினார், அடுத்த வருசம் ஓல் பிளாக்ஸுக்கு ஆடி உலகக்கிண்ணம் வென்றார். ஆட்களை இப்படி எடுத்துக்கொண்டவர்கள் ஆப்பியாவுக்குப் போய் ஒரு சர்வதேச ஆட்டம் ஆட 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2021 நவம்பரில்தான் உலக ரக்பிச் சங்கம் விதியை மாற்றியது. மூன்று வருசம் விளையாடாமல் இருந்தால், பிறந்த நாட்டுக்கோ பெற்றோர், பேரர் பிறந்த நாட்டுக்கோ மாறலாம். 2023 உலகக்கிண்ணத்தில் முன்னாள் ஓல் பிளாக்ஸ்காரரான சார்ள்ஸ் பியூட்டாவும் மலக்காய் ஃபெக்கிட்டோவாவும் தொங்காச் சட்டையோடும், லிமா சொப்போவாங்கா சமோவாச் சட்டையோடும் இறங்கினார்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

நான் இருப்பது சண்ட்ரிங்ஹாமில். இடியப்பமும் கருவேப்பிலையும் வாங்கக்கூடிய இடம் என்பதால் இந்தப் பக்கம் எங்கள் சனம் கனக்க. ஈடன் பார்க் மைதானம் நடந்து போகிற தூரம். 1950 பெப்ரவரி 4 முதல் 11 வரை ஒக்லாந்தில் பிரித்தானியப் பேரரசு விளையாட்டு நடந்தபோது ஓட்டப் போட்டிகள் அங்கேதான். 440 யார் தடையோட்டத்தில் தங்கம் எடுத்தவர் டங்கன் வைற், இலங்கைக்காரர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி எடுத்தவரும் அவரே. அதே ஈடன் பார்க்கில் குண்டெறிதலில் தங்கம் எடுத்தவர் மட்டாய்க்கா துய்ச்சக்காவு என்ற பிஜிக்காரர். பிஜிக்குச் சுதந்திரம் கிடைத்தது 1970இல், அதற்கு இருபது வருசம் முன்னமே பிஜி என்ற பெயரில் தங்கம்.

போட்டி தொடங்கிய பெப்ரவரி 4 இலங்கையின் இரண்டாவது சுதந்திர தினம். அதற்குள் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் பெரும்பகுதி நாடற்றவராகியிருந்தது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் என்று சொல்லிக் கொடியில் இரண்டு கோடு சேர்த்ததே 1951இல்தான்.

1958இல் ரோக்கியோவில் ஆசிய விளையாட்டு, மே 24 முதல் யூன் 1 வரை. யாழ் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்தார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அந்த நாட்களில்தான் தென்னிலங்கையில் தமிழரை அடித்துக்கொண்டிருந்தார்கள். மே 27ஆம் திகதி அவசரகாலச் சட்டம். அங்கே ஒரு தமிழனுக்காக இலங்கைக் கொடி ஏறுகிறது, இங்கே தமிழரைக் கப்பலில் ஏற்றி யாழ்ப்பாணம் அனுப்புகிறார்கள். என் அப்பா எதிர்வீரசிங்கத்தைப் பற்றிச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும். கலவரத்தையும் சொல்லுவார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

என்னுடைய அனுபவம் 1996. யாழ்ப்பாணத்தை விட்டு 1995 ஒக்ரோபர் கடைசியில் இடம்பெயர்ந்து, அலைந்து, கிளிநொச்சியில் ஒரு கொட்டிலில் இருந்தோம். மார்ச் 17, லாகூரில் உலகக்கிண்ணத் துடுப்பாட்ட இறுதிப்போட்டி. பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மாறி ஒருவர் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். அரவிந்த டி சில்வா சதம் அடித்தார். முரளி பந்து போட வந்தபோது பெடலைச் சுற்றியவன் இன்னும் வேகமாகச் சுற்றினான். இலங்கை வென்றபோது இரண்டு பேர் கைதட்டினார்கள். ஒருவர் எழும்பி ஒன்றும் பேசாமல் வெளியே போனார். அவரின் தம்பி மூன்று மாதத்துக்கு முன் குண்டுவீச்சில் செத்தவன். நான் என்ன செய்தேன்? பெடலைச் சுற்றுவது அப்போது என்னுடைய முறை. சுற்றிக்கொண்டே இருந்தேன்.

இங்கே வந்த பிறகு ஈடன் பார்க்கில் இலங்கை ஆடினால் நான் நியூசிலாந்துப் பக்கம். முரளி பந்தைக் கையில் எடுத்தால் மட்டும் நெஞ்சு பக்கம் மாறும். பிறகு ஓவர் முடிந்ததும் திரும்ப வரும். இப்படி ஓவருக்கு ஓவர் கட்சி மாறினவர்கள் எங்களில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கோ பார்ப்பம்.

'எங்கட ரீம்' என்ற ஒன்று இல்லாமலும் இல்லை. ஃபிஃபாவில் சேரமுடியாத அணிகளுக்காக 2013இல் கொனிஃபா என்று ஒரு அமைப்பு உண்டானது. அதற்கு முன்னமே 2012இல், குர்திஸ்தானில் நடந்த விவா உலகக்கிண்ணத்தில் தமிழீழம் என்ற பெயரில் ஒரு உதைபந்தாட்ட அணி ஆடியது. 2014இல் சுவீடனில் ஒஸ்ரர்சுண்டிலும் 2018இல் லண்டனிலும் கொனிஃபா கிண்ணத்தில் ஆடியது. வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் லீவு போட்டுவிட்டு வந்த புலம்பெயர்ந்த பெடியள். கிண்ணம் ஒன்றும் வரவில்லை. சிலர் அதைப் பகிடி பண்ணினார்கள். 1920இல் அன்ற்வேர்ப்புக்கு நாலு பேரோடு கப்பல் ஏறிய நியூசிலாந்தையும் அப்போது யாராவது பகிடி பண்ணியிருப்பார்கள். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அணி என்பது பெயரும் கொடியும் மட்டுமில்லை. தொங்காக்காரர் ஒட்டாஹுஹுவில் ஒவ்வொரு தேவாலயத்துக்கும் ஒரு ரக்பி அணி வைத்திருக்கிறார்கள், ஆனால் தொங்கா என்று வந்தால் எல்லாரும் ஒரு சட்டை. இங்கே எங்கள் விளையாட்டு விழாவுக்குப் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு அணி, ஊருக்கு ஒரு அணி என்று வருகிறோம். ஒருவருசம் கோப்பை தருவதில் சண்டை வந்து ஒரு சங்கம் இரண்டாகி, அடுத்த வருசம் அதே சங்கத்தின் பெயரில் இரண்டு அணி வந்தது. 1899இல் வெள்ளைக்காரன் செய்த வேலையை நாங்களே செய்துவிட்டோம்.

மகளுக்கு இதெல்லாம் சொல்லிமுடிக்க இரண்டு வருசம் எடுத்தது. 2019 நவம்பர் 2, தொங்காவும் அவுஸ்திரேலியாவும் ஈடன் பார்க்கில். அங்கிள் இரண்டு ரிக்கற் தந்திருந்தார். போய் இருந்தவுடன் அவள் கேட்டது, "டங்கன் வைற் எந்தப் பக்கத்தால ஓடினவர்?" எனக்குத் தெரியவில்லை. ஏழு பத்து வருசத்தில் மேடை, கூரை, வெளிச்சம் எல்லாம் மாறிவிட்டது. "இந்தப் புல்லிலதான்" என்று பொதுவாகக் கையைக் காட்டினேன். கொஞ்சநேரம் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

16-12 என்று தொங்கா வென்றது. உலகச் சம்பியனை, ஒரு லட்சம் பேர் உள்ள நாடு. சனம் முதலில் அழுதது, பிறகு தேவாலயப் பாட்டுப் பாடியது. வாசலில் அங்கிளைக் கண்டோம். மேலிருந்து கீழ்வரை தொங்காச் சிவப்பு.

"நீங்கள் குக் தீவெல்லோ?" என்று மகள் கேட்டாள்.

"ஓம்," என்றார் அங்கிள். "இண்டைக்கு எங்கட ரீம் விளையாடேல்லை."